காலியாகத் திரும்பாத கை

இண்டூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இத முதல்லயே எழுதிடுறேன். உனக்கு முன்னாடி உங்க மிஸ்ட்ரஸ் சிஸ்டர்தான் லெட்டர பிரிச்சுப் படிப்பாங்கன்னு சொல்லிட்டுப் போனியே. சிஸ்டர், வணக்கங்க. நான் ஜாஸ்மினோட தங்கச்சி எழிலரசி, பி.எஸ்சி. ரெண்டாவது வருசம். நல்ல பொண்ணுங்க.

அக்கா, உடம்பு எப்படி இருக்கு? அங்க சோறு எறங்குதா? திருச்சி வெயிலு தாங்குதா? அப்பா நல்லா இருக்காரு. அம்மாவுக்கு முட்டி வலி மட்டும். எனக்கு இடது கைல நாலு விரலும் நுனி வீங்கிக் கெடக்குது. ஏன்னு கேளு.

உன் கிட்டார எடுத்துட்டேன்.

கத்தாத. சர்ச்ல பாடற கொயருக்குக் குடுத்துருன்னு நீ சொல்லிட்டுப் போன. குடுக்கத்தான் எடுத்தேன். சத்தியமா. தொடைச்சிட்டு இருக்கறப்ப போன்ல ஒரு வீடியோ தானா வந்துச்சு. ஒரு பெரியவரு, மரவூட்டு வாசல்ல ஒக்காந்து கிட்டார் வாசிக்கிறாரு. அக்கா, கையே தெரியல. மழ ஓட்டு மேல பேஞ்சா எப்படி இருக்கும், அப்படி. நீ வாசிக்கிற மாரி எல்லா கம்பியும் சேத்து தட்டுறது இல்ல. சின்ன பிளாஸ்டிக் பிக்கு ஒன்ன வெச்சு ஒத்த ஒத்த கம்பியா தட்டி பாட்டயே ஓட வெக்கிறாரு. பேரு ஃப்ளாட்பிக்கிங். அமெரிக்காவுல மலங்காட்டு ஊருக்காரங்க வாசிக்கிற ப்ளூகிராஸ்னு ஒரு வகை. நைட்டு பூரா அதையேதான் பாத்தேன். மறுநாள் லேப்ல டெஸ்ட் டியூப் ஒடஞ்சுது.

கன்னியாஸ்திரி ஆகறதுக்கு முன்னாடி ஒரு வருசம் உனக்கு போன் கெடையாது. மாசத்துக்கு ஒரு லெட்டர்தான். அது வரைக்கும் அது சும்மாதானே கெடக்கும்? கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடு.

கால் ஒரு எடத்துல நிக்காத,
எழிலு


நவதுறவு இல்லம்
7 ஜூலை 2024

அன்புத் தங்கை எழிலரசிக்கு,

இயேசுவின் அமைதி உங்கள் எல்லோரோடும் இருப்பதாக. நான் நலம். ஐந்து மணிக்கு எழுகிறோம். தோட்டத்தில் எனக்குக் கத்தரிப் பாத்தி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

கிட்டாரைக் கொடுத்துவிடு. கொயர் பார்க்கிற மதியழகன் அண்ணனிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு முறை இருக்கிறது. வருகிற மே மாதம் துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால், என் பெயரில் இருப்பதையெல்லாம் யாருக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எழுதிவிட்டால் பிறகு என்னுடையது என்று ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பது அந்தக் கிட்டார் ஒன்றுதான்.

படிப்பைக் கவனி. ஜெபம் சொல்.

உனக்காக வேண்டிக்கொள்ளும் அக்கா,
ஜாஸ்மின்

பி.கு. பிக்கை எப்படிப் பிடிக்கிறாய்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலா?


இண்டூர்
18 ஆகஸ்ட் 2024

அன்பான அக்கா,

எல்லாரும் நல்லா இருக்கோம். நீயும் உன் கத்தரிக்காயும் நல்லா இருக்கோணும். ஒத்தடம் குடுக்குறேன், ஆனா அம்மா சொல்றா, "நீ ஒத்தடம் குடுக்கற வேகத்துக்கு முட்டி கழண்டுக்கும்டி"ன்னு.

பி.கு.-வப் பாத்துட்டு வூட்ட சுத்தி மூணு ரவுண்டு ஓடுனேன்! நீ கேட்ட மாரியேதான் புடிக்கிறேன். ஆனா உன் பைல இருந்த பிக்கு அப்பளம் மாரி வளையுது. ப்ளூகிராசுக்கு கெட்டியா வேணும். அதனால ஒரு பழைய கார்ட வெட்டி நானே செஞ்சுக்கிட்டேன். என்ன கார்டுன்னு கேக்காத.

இப்ப பழகறது ஜி ரன். ஏழே ஏழு சுரம். இந்த மாரி குட்டித் துண்டுக்கு லிக்னு பேரு. ப்ளூகிராஸ்ல பாடறவங்க ஒரு அடி முடிச்சதும் கிட்டார்காரரு இத டகடகன்னு ஓட்டி முடிச்சு வெப்பாரு. போன்ல தாளம் தட்டுற ஆப் போட்டிருக்கேன். நிமிசத்துக்கு 80ல வாசிக்கிறேன். அவங்க 200க்கு மேல போறாங்க. பஸ்ல நின்னுகிட்டே துப்பட்டா நுனில தட்டிப் பழகறேன். கண்டக்டரு என்ன ஒரு மாரி பாக்கறாரு.

போன ஞாயித்துக்கெழம மதியழகன் அண்ணன் வூட்டுக்கே வந்துட்டாரு.

"எழிலு, கிட்டார எடுத்தாம்மா, இன்னைக்கி எடுத்துட்டுப் போறேன்."

"கம்பி அந்துபோச்சுங்கண்ணா."

"ஒரு கம்பிதானே, நான் போட்டுக்கறேன்."

"ஆறும் அந்துபோச்சுங்கண்ணா."

அம்மா சமையக்கட்டுல இருந்து, "நேத்துகூட டொய்ங் டொய்ங்னு சத்தம் வந்துச்சே, அது என்னாடி?"ன்னு கேட்டா பாரு! கிட்டாரு அப்ப அப்பாவோட தக்காளி கிரேடு பொட்டி அடுக்குக்குப் பின்னாடி இருந்துச்சு. அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். டீ குடிச்சிட்டு சிரிச்சிட்டே போனாரு.

அப்பா எப்பவும் போல பாலக்கோடு மார்க்கெட்டுக்கு குட்டியானை வண்டில தக்காளி ஏத்திட்டுப் போறாரு. வர்றப்ப லோடு இல்லாம காலி வண்டி ஓட்டிட்டு வந்து எப்பவும் போல புலம்பறாரு. "போறப்ப சம்பாதிக்கிறேன், வர்றப்ப எரிக்கிறேன்." உனக்கு மனப்பாடமா இருக்குமே.

விரல் மரத்துப்போன,
எழிலு


நவதுறவு இல்லம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள எழிலரசி,

இறைவன் அருளால் நலம். நலமா? ஆறு கம்பியும் அறுந்தது என்று பொய் சொன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாயா?

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். சிற்றாலயத்தில் ஒரு கிட்டார் இருக்கிறது. நான்கு கம்பிகள்தான் சரியாக நிற்கின்றன. ஞாயிறு பூசைக்கு நான்தான் வாசிக்கிறேன். பாட்டுக்கு மட்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு சுரம் முடிந்த பிறகு எப்படி இருக்கும்? எல்லாம் முடிந்துவிட்டது என்று இருக்குமா, அல்லது இன்னும் ஏதோ வரவேண்டும் என்று இருக்குமா?

கொடுத்துவிடு எழில்.

அன்புடன்,
ஜாஸ்மின்


இண்டூர்
20 அக்டோபர் 2024

அக்கா! நல்லா இருக்கியா, நாங்க நல்லா இருக்கோம், அம்மா முட்டி தேவல, விசாரிப்பு முடிஞ்சுது, விசயத்துக்கு வர்றேன்.

அந்த ஏழு சுரம் முடிஞ்சா எப்படி இருக்கும்னு கேட்டியே. ரெண்டும்தான்னு தோணுது. வூட்ட பெருக்கி முடிச்சிட்டு கதவத் தொறந்து விட்டா மாரி. நீயே வாசிச்சுப் பாரேன்! கீழ எழுதியிருக்கேன். ஆறு கோடு ஆறு கம்பி. கோட்டு மேல இருக்கற நம்பரு எந்தக் கட்டத்துல விரல் வெக்கணும்னு சொல்லுது. சைபர்னா விரலே வெக்காம தொறந்த கம்பி.

ஆறாவது கம்பில 3. அஞ்சாவதுல 0, 1, 2. நாலாவதுல 0, 2. கடைசியா மூணாவதுல 0. அவ்ளோதான். நம்பருக்கு மேல போட்டிருக்கற அம்புக்குறி என் கை போற தெசை.

நெட்ல ஒரு வீடியோ போட்டேன். நாப்பத்தொரு பேரு பாத்தாங்க, அதுல முப்பது தடவ நான்தான். யாரோ ஒரு வெள்ளக்காரரு, "உன் வலது கையைக் கவனி"ன்னு கமெண்ட் போட்டாரு. மொத்தமே அவ்ளோதான்! என்னத்தக் கவனிக்கறது? கைதான் அங்கியே இருக்குதே! ரெண்டு நாளு சோறு எறங்கல. வேகம் ஏற மாட்டேங்குது. முழங்கை வரைக்கும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எங்க தப்புன்னு தெரியல. சொல்லித்தர ஒரு ஆளு இல்ல இந்த மாவட்டத்துலயே.

சீக்கிரம் எழுது, சீக்கிரம் எழுது,
எழிலு


இண்டூர்
24 நவம்பர் 2024

அன்பு அக்கா,

சொகமா? லெட்டரு வரலயே. உடம்பு கிடம்பு சரியில்லயா? போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே ஓடறேன். அவரு இப்ப நம்ம தெருவுல மணியே அடிக்கிறதில்ல.

நான் இன்னும் 120லயே நிக்கறேன். நவுர மாட்டேங்குது. 

கிட்டாரு பத்திதான் கோவம்னா திட்டியாவது எழுதுக்கா.

காத்துக்கிட்டு,
எழிலு


இண்டூர்
29 டிசம்பர் 2024

ஜாஸ்மின் அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நீ நல்லா இருக்கறதா அப்பா சொன்னாரு. அவரு உங்க ஆபீசுக்கு போன் போட்டாரு. "நல்லா இருக்காங்க, ஜெபத்துல இருக்காங்க"ன்னு சொல்லி வெச்சிட்டாங்க. அம்மா அந்த ஒத்த வரிய நாலு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னா.

கிறிஸ்துமஸ் வந்துருச்சு, வாக்கு வாக்குதான்னு கிட்டார எடுத்துட்டு சர்ச்சுக்குப் போனேன். மதியழகன் அண்ணன் கைல குடுத்தேன். அவரு வாங்கி, பையத் தொறந்து பாத்து, திருப்பி என்கிட்டயே நீட்டுனாரு.

"எனக்கு கீபோர்டு மட்டுந்தாம்மா வரும். இத எவன் வாசிப்பான்? நீ ஒக்காரு."

"எனக்கு சர்ச் பாட்டு வராதுங்கண்ணா."

"ஆறு கம்பியும் அந்துபோன கிட்டார்லயே டொய்ங் டொய்ங்னு வாசிச்ச ஆளு நீ. ஒக்காரு."

ஒக்காந்தேன். நள்ளிரவுப் பூசைல கடைசிப் பாட்டு முடியறப்ப என் கை சும்மா இருக்கல. ஜி ரன் போட்டுட்டேன். சர்ச்சே திரும்பிப் பாத்துச்சு. அம்மா மட்டும் திரும்பல. வூட்டுக்கு வந்தப்புறம், "ஜாஸ்மின் ஒக்கார்ற எடத்துல நீ ஒக்காந்திருந்த"ன்னு சொன்னா.

பூச முடிஞ்சதும் கிட்டாரு திரும்ப வூட்டுக்கு வந்துருச்சு. அண்ணனும் கேக்கல, நானும் குடுக்கல.

ஒரு வரி எழுதேன்,
எழிலு


நவதுறவு இல்லம்
19 ஜனவரி 2025

என் எழிலு,

நல்லா இருக்கேன்டி. பயப்படாத. இந்த லெட்டரையும் சிஸ்டர் படிப்பாங்க. படிச்சிட்டு சிரிப்பாங்க. சிரிக்கட்டும், நானும் சிரிச்சு முடிச்சிட்டுத்தான் எழுதறேன்.

உன் மூணு லெட்டரும் போன வாரம்தான் கைக்கு வந்துச்சு. மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மேசை மேல உன் அக்டோபர் லெட்டர்.

"இது என்ன?"

"பாட்டு, சிஸ்டர்."

"பாட்டுன்னா வார்த்தை இருக்கணும். இதுல நம்பர்தான் இருக்கு. மூணு, சைபர், ஒன்னு, ரெண்டு, சைபர், ரெண்டு, சைபர். யாரோட போன் நம்பர்?"

"ஏழுதான் சிஸ்டர் இருக்கு. போன் நம்பர்னா பத்து வேணும்."

"அதான் நானும் யோசிச்சேன். மீதி மூணு அடுத்த லெட்டர்ல வரும்னு காத்திருந்தேன். நவம்பர்ல வந்துச்சு."

உன் நூத்தி இருபதுதான்டி! ஏழும் மூணும் பத்து. சேத்து வெச்சு ஆபீஸ் போன்ல போட்டே பாத்திருக்காங்க. அந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு வந்துச்சாம். அப்புறம் டிசம்பர் லெட்டரையும் வெச்சுக்கிட்டு, யார் அந்தப் பையன்னு கண்டுபிடிக்க கிறிஸ்துமஸ் பூரா ஜெபம் பண்ணியிருக்காங்க. எனக்கு ஒன்னும் தெரியாது, உங்க லெட்டர் வந்தாத்தான் நான் பதில் எழுத முடியும். நீ என்ன மறந்துட்டன்னு நெனச்சு கத்தரிப் பாத்தில நின்னு அழுதேன்.

"பாட்டுன்னா வாசிச்சுக் காட்டு"ன்னாங்க. சிற்றாலயக் கிட்டார எடுத்தேன். பிக்கு இல்ல, கட்டைவிரல் நகத்தாலதான். நீ போட்ட அம்புக்குறியப் பாத்தே வாசிச்சேன். எல்லா அம்பும் கீழ பாத்து இருக்கு எழிலு. ஏழும். மூணாவது சுரத்துலயே கை தடுக்குது. சிஸ்டருக்குப் பாட்டு தெரியாது, அவங்க தையல் டீச்சரா இருந்தவங்க. உத்துப் பாத்துட்டு, "கை ஏன் ஒவ்வொரு தடவையும் சும்மா மேல வருது?"ன்னு கேட்டாங்க.

சட்டுன்னு அப்பா ஞாபகம் வந்துச்சு. பாலக்கோட்டுக்கு லோடோட போயி காலியா திரும்பறாரே, உன் கையும் அப்படித்தான். கீழ போறப்ப ஒரு சுரம் அடிக்குது, மேல வர்றப்ப வெறும் வண்டி. திரும்பறப்பவும் லோடு ஏத்து. கீழ ஒன்னு, மேல ஒன்னு, கீழ ஒன்னு, மேல ஒன்னு. ஏழு சுரத்துக்கு நாலு கீழ, மூணு மேல. கடைசி சுரம் தானா கீழ வந்து விழும். அந்த வெள்ளக்காரர் சொன்னதும் இதத்தான் இருக்கும்.

சிஸ்டர் மூணு தடவ திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. இப்ப எனக்கு சாயந்திரம் பத்து நிமிசம் அனுமதி.

கிட்டார யாருக்குக் குடுக்கறேன்னு எழுதற அந்தத் தாள ஈஸ்டருக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். இன்னும் எழுதல.

அம்மாவ நல்லாப் பாத்துக்க. உன் முழங்கைக்கும் ஒத்தடம் குடு, மெதுவா.

அக்கா


இண்டூர்
16 பிப்ரவரி 2025

அக்கா, அக்கா, அக்கா!

நீ சொகம்னு தெரிஞ்சு வூடே சொகமாயிருச்சு. அப்பா போன் நம்பர் கதையக் கேட்டு தக்காளி கிரேடு மேலயே ஒக்காந்துட்டாரு. மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு என் வணக்கம், கோவம் இல்லீங்க சிஸ்டர், கொஞ்சந்தான்.

எட்டு மாசமா ஒத்தக் கைல வண்டி தள்ளியிருக்கேன்! மொதல்ல 60க்கு எறங்கி வரவேண்டியதாப் போச்சு. அழுக அழுகயா வந்துச்சு. மேல வர்ற கை எங்கியோ போயி மாட்டிக்குது. மூணு வாரம். நேத்து 150. அக்கா, ஓடுது! முழங்கை வலிக்கவே இல்ல! ரிட்டர்ன் லோடு பத்தி அப்பாகிட்ட சொன்னேன். "எங்கிட்ட எவனாச்சும் இப்படி சொல்லிக் குடுத்திருந்தா நான் இந்நேரம் லாரி வாங்கியிருப்பேன்"ங்கறாரு.

இப்ப ஒன்னு சொல்றேன். சிஸ்டர், நீங்களும் படிங்க.

நான் கிட்டார குடுக்காததுக்கு ப்ளூகிராஸ் மட்டும் காரணம் இல்ல. அது உம்பேருல இருக்கற வரைக்கும் இந்த வூட்டுல உன் பொருளு ஒன்னு இருக்குது. பொருளு இருந்தா ஆளு வருவாங்க. அம்மாவும் அப்படித்தான் நெனைக்கிறா, சொல்ல மாட்டா. உன் தலகாணிய இன்னும் வெயில்ல போட்டு எடுக்கறா.

அந்தத் தாளுல சர்ச்சு பேர எழுதாத. எம்பேரயும் எழுதாத. யாரு பேரயும் எழுதாத. சும்மா விட்டுரு.

எழிலு


நவதுறவு இல்லம்
13 ஏப்ரல் 2025
குருத்து ஞாயிறு

அன்பு எழிலு,

எல்லாருக்கும் என் அன்பு. அம்மா தலகாணிய வெயில்ல போடறான்னு எழுதின வரிய சிஸ்டரும் படிச்சாங்க. அன்னைக்கிப் பத்து நிமிசத்த அரை மணி நேரம் ஆக்கிட்டாங்க.

அந்த அரை மணி நேரமும் உன் ஏழு சுரத்தையே வாசிச்சேன். முடிஞ்சப்புறம் எப்படி இருக்கும்னு உங்கிட்ட செப்டம்பர்ல கேட்டேனே, அது கிட்டாருக்காகக் கேட்டதில்ல. அப்ப எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. ராத்திரில எந்திரிச்சு வாசக் கேட்டு வரைக்கும் நடந்திருக்கேன். பெட்டியக்கூட ஒரு தடவ கட்டிட்டேன். இத எழுதலாமான்னு கேட்டேன், எழுதுன்னு சிஸ்டர் சொன்னாங்க.

நீ எழுதினதுல ஒன்ன நீயே கவனிக்காம விட்டுட்ட. கடைசி சுரம் மூணாவது கம்பில சைபர். விரல் எதையும் அழுத்தறதில்ல. அதுக்கு முன்னாடி அங்கங்க அழுத்திப் பிடிச்சுப் பிடிச்சு வர்றோம், முடியறப்ப கை வெறுமனே இருக்கு. ஆனா சத்தம் அங்கதான் ரொம்ப நேரம் நிக்குது. நீயும் கவனிச்சுப் பாரு.

தாள எழுதிக் குடுத்துட்டேன். உம்பேரதான் எழுதினேன். மதியழகன் அண்ணனுக்குத் தனியா மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கேன். இனிமே அது என் கிட்டாரு இல்ல.

வார்த்தைப்பாடு மே 24, காலை பத்து மணி. எல்லாரும் வாங்க.

ஜாஸ்மின்


இண்டூர்
1 ஜூன் 2025

சிஸ்டர் ஜாஸ்மினுக்கு,

இப்படி எழுதிப் பாத்தேன். நல்லாவே இல்ல.

அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேந்தோம். அம்மா முட்டி அவ்ளோ தூரம் ஒக்காந்து வந்ததுல வீங்கியிருக்கு, மத்தபடி எல்லாரும் சொகம். உனக்கு அந்த வெள்ளப் பொடவைல காலு தடுக்குது, பாத்து நட.

உன் லெட்டர் வந்ததுல இருந்து ஒரு மாசத்துக்கு மேல கிட்டாரத் தொடல. அதான் பதிலும் போடல. உங்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன், அங்க ஒரே கூட்டம். 

நீ பாக்காதது ஒன்னு சொல்றேன். அங்க வர்றப்ப குட்டியானைக்குப் பின்னாடி கிட்டாரு இருந்துச்சு. திருப்பிக் குடுத்துரலாம்னு நான்தான் ஏத்தினேன். ஏத்தறப்ப பாத்தா அங்க உன் தலகாணியும் இருந்துச்சு. துணில சுத்தி, அம்மா வெச்சிருக்கா. யாரும் யார்கிட்டயும் கேக்கல. வண்டில எடம் இருக்குது, நீ மனசு மாறிட்டா ஒக்காந்து வர்றதுக்கு.

நீ பீடத்துக்கு முன்னாடி சத்தமா வார்த்தைப்பாடு சொன்ன. உங்கொரலு ஒரு தடவகூட நடுங்கல. நீ எங்ககூட வர மாட்டன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கிட்டார வண்டிய விட்டு எறக்கவே இல்ல.

திரும்பறப்ப தொட்டியம் தாண்டுனதும் அப்பா ஒரு வாழத்தோப்புல வண்டிய நிறுத்தி எறங்கிப் போனாரு. தர்மபுரிக்கு வாழத்தாரு ஏத்திக்கறேன்னு பேசிட்டு வந்தாரு.

"காலியா போகக் கூடாதும்மா"ன்னாரு.

தாரு ஏத்தறப்ப கிட்டாரு அடிபடுமேன்னு நான் பதறுனேன். அம்மாதான் எறங்கி வந்து, தலகாணிய எடுத்து அதுக்கு அடில குடுத்து, உன் தலகாணி மேல கிட்டார படுக்க வெச்சா. வூடு வந்து சேர்ற வரைக்கும் திரும்பித் திரும்பி அதையே பாத்துக்கிட்டு வந்தா.

நேத்து எடுத்தேன். தாளம் தட்டுற ஆப் போடல, வேகம் பாக்கல. கீழ, மேல, கீழ, மேல. கடைசில கைய எடுத்துட்டுக் கேட்டேன். நீ சொன்னது நெசந்தான், ரொம்ப நேரம் நிக்குது.

ஒரு பாவசங்கீர்த்தனம் பாக்கி இருக்கு. போன வருசம் நான் பிக்கு வெட்டுனது உன் பழைய காலேஜ் ஐடி கார்டுல. உன் மொகத்த விட்டுட்டுத்தான் வெட்டுனேன். மொகம் என் பர்சுல இருக்கு.

நகத்தால வாசிக்காத, பிஞ்சுபோவும். இந்தக் கவருக்குள்ள ஒரு பிக்கு இருக்கு. இது என் ஐடி கார்டுல வெட்டுனது. காலேஜ்ல கேட்டா தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கறேன். ஓரத்துல என் ரிஜிஸ்டர் நம்பர்ல பாதி மட்டும் தெரியும்.

யாரும் அதுக்கு போன் போட்டுப் பாக்க வேணாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லிரு.

உன் தங்கச்சி,
எழிலு